புதுப்பிப்பு: கண்மாய்ப் பாசியைக் காய வைக்காமலே எண்ணெய் எடுக்கலாம்

மதுரை வண்டியூர் கண்மாயில் மிதக்கும் நுண்பாசி எரிபொருளாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். காய வைக்கும் செலவே கட்டுப்படியாகாது என்று பலர் சொன்னீர்கள். சரி, அதற்கு வழி இருக்கிறது: நீர்வெப்பத் திரவமாக்கல்.

ஈரப் பாசியை அப்படியே மூடிய கலனில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டிலும் தண்ணீர் ஆவியாகாமலிருக்க 86 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் வேண்டும்; வீட்டு குக்கரில் 2 பார்தான். கொழுப்போடு புரதமும் மாவுச்சத்தும்கூடக் கச்சா எண்ணெயாகின்றன. இதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஆனால் புரதத்தால் நைட்ரஜனும் எண்ணெயில் சேர்கிறது. ஹைட்ரஜன் கொண்டு அதை நீக்கிய பிறகே டீசலாக்க முடியும்.

அப்புறம், மிஞ்சும் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கும். நன்றாக நீர்த்துப்போகச் செய்து, அதிலேயே மறுபடி பாசி வளர்க்கலாம்.