சலத்தில் தைரொயிட் அன்டிபொடி பார்க்கும் லேப் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு ஹஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் நோய், இருக்கலாம் என்று டொக்டர் சந்தேகப்படுகிறார். ரிபிஓ, தைரோகுளோபியூலின் என்ற இரண்டு தைரொயிட் புரதங்களுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் அன்டிபொடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) பார்க்க இரத்தம் வேண்டும். அம்மாவுக்கோ நரம்பு பிடிபடுவதே இல்லை. குத்திக் குத்திக் கை கண்டிப் போகிறது, பார்க்க மனம் தாங்கவில்லை.

ஜப்பானிய ஆய்வாளர்கள் தைரோகுளோபியூலின் அன்டிபொடியைச் சலத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த அன்டிபொடி ஐஜிஜி என்ற வகை; அது பெரிய மூலக்கூறு, எடை ஏறத்தாழ 150 கிலோடால்டன். சிறுநீரகம் அதை லேசில் வெளியே விடாது. ஆகவே சலத்தில் மிகமிகக் கொஞ்சம்தான் இருக்கும், லேப்பில் அன்டிபொடி பார்க்கும் சாதாரண எலைசா பரிசோதனைக்கு அகப்படாது. அவர்கள் செய்தது என்னவென்றால், அன்டிபொடியும் அது பிடித்துக்கொள்ளும் புரதமும் சேர்ந்த தொகுதியை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் மணியிலிருந்து கழற்றி இன்னொரு மணிக்கு மாற்றினார்கள். வேண்டாமல் ஒட்டியவை பெரும்பாலும் பழைய மணியிலேயே தங்கிவிடும்; அதனால் மிகக் கொஞ்சம் அன்டிபொடி இருந்தாலும் தெரியும். அருமையான யோசனை!

இதைக் கொழும்பிலாவது கண்டியிலாவது செய்கிறார்களா? மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் லேப்பில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமார் சொல்லுங்கள். இல்லையென்றால், நரம்பு கிடைக்காதவர்களிடம் பக்குவமாக இரத்தம் எடுக்கும் ஆள் யாரையாவது தெரிந்தாலும் சரி. அடுத்த கிளினிக்குக்கு முன் தெரிந்தால் பெரிய உதவி.