ஆல்டர்நேட் ஏர்போர்ட்: ‘மாற்று விமான நிலையம்’ போதுமா?

‘மாற்று’ என்றால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது. ஆல்டர்நேட்டோ, நினைத்த இடத்தில் விமானம் இறங்க முடியாமல் போனால் போக என்று பயணத் திட்டத்தில் பேர் மட்டும் இருந்து, பெரும்பாலும் யாரும் போகாத இடம். மழைக்கு ஒதுங்குகிறோமே, அதைப்போல ‘ஒதுங்குதுறை’ எனலாமா?

---

> ஒதுங்குதுறை

துறை வேண்டாம்; போக்குவரத்துத் துறை, சுங்கத் துறை வரிசையில் போய் நின்றுவிடும். ‘ஒதுங்கு நிலையம்’ சரி. ஆனால் ஒரே சொல் போதாது. ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிகளின் அனெக்ஸ் 6 (இணைப்பு 6) புறப்பாட்டுக்கு, வழிக்கு, சேருமிடத்துக்கு என மூன்று வகை சொல்கிறது. எரிபொருள் கணக்கில் இவை ஒன்றல்ல. சேருமிட ஒதுங்கு நிலையத்துக்கு அங்கே போய்ச்சேரும் எரிபொருளைத் தனியாக ஏற்றியாக வேண்டும். வழி ஒதுங்கு நிலையத்துக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது. நடுக்கடலில் கேபின் அழுத்தம் போய் 10,000 அடிக்கு இறங்கிப் பறக்க நேர்ந்தால் இருப்பது போதுமா என்று பார்த்து, குறைந்தால் மட்டும் கூடுதலாக ஏற்றுவார்கள்.

ஏ321எக்ஸ்எல்ஆர் மாதிரி ஒற்றை நடைபாதை விமானம் அட்லாண்டிக் தாண்டும்போது இந்த வேறுபாடு எடையில் தெரியும். பயண எரிபொருள் 20 டன் என்று வைத்துக்கொண்டால், எதிர்பாராச் செலவுக்கு 5% என்பது 1,000 கிலோ. ஐரோப்பிய விதிப்படி, குறித்த வட்டத்துக்குள் வழி ஒதுங்கு நிலையம் ஒன்றைக் காட்டினால் 3% போதும்: 600 கிலோ. மிஞ்சும் 400 கிலோ, மூட்டையோடு நாலு பயணிகள்.

2011–12 குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பிய போயிங் 757கள் கடும் எதிர்க்காற்றால் கனடாவின் கேண்டர், கூஸ் பே பக்கம் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டன. வழியில் எரிபொருள் செலவு ஏறி, சேருமிடத்தில் மிஞ்சவேண்டியது மிஞ்சாது என்று தெரிந்தால் அங்கேயே இறங்குவதுதான் முறை. அதை ‘ஒதுங்கினார்கள்’ என்றால் கேட்பவருக்குப் புரியும். ‘மாற்றினார்கள்’ என்றால் எதை என்று கேட்பார்.

---

சிக்கல் ஒன்று உண்டு. ஊர்ப்புறத்தில் ‘ஒதுங்கப் போனார்’ என்பதற்கு வேறு பொருள். கரை ஒதுங்குவது பிணமும்தான். இருந்தாலும் ‘நிலையம்’ ஒட்டிக்கொண்டால் தப்பலாம்.

அடுத்து, ஃபைனல் ரிசர்வ் என்ற கடைசிக் கையிருப்பு எரிபொருள். இதற்கு ‘சேமிப்பு’ என்று போட்டால் தப்பு. சேமிப்பை எடுத்துச் செலவழிக்கலாம். ஜெட் விமானத்துக்கு இது 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடும் அளவு. இறங்கி நிற்கும்போதும் தொட்டிக்குள் இருக்க வேண்டும். இதில் கை வைத்துத்தான் இறங்க முடியும் என்று கணக்கு காட்டினால் விமானி ‘மேடே ஃபியூயல்’ என்று எரிபொருள் ஆபத்தை அறிவிக்க வேண்டும். ஆகவே ‘தொடா இருப்பு’. கன்டின்ஜென்சிக்கு, அதாவது மேலே சொன்ன எதிர்பாராச் செலவுக்கான எரிபொருளுக்கு, ‘ஈடுகட்டு எரிபொருள்’. இதைச் செலவழிக்கத் தடையில்லை.