ஆர்க்டிக் குளிர்காலத்தில் பாரியின் ஆட்கள் பிழைத்தது எப்படி?

கேள்வி:
1819-இல் வில்லியம் எட்வர்ட் பாரி ஹெக்லா, கிரைப்பர் என்ற இரண்டு பாய்க்கப்பல்களோடு வடமேற்குப் பாதையை, அதாவது அட்லாண்டிக்கிலிருந்து ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்குக்குப் போகும் கடல்வழியை, தேடிப் போனார். வட கனடாவின் மெல்வில் தீவின் கரையில் பனியில் சிக்கி, அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தார்கள். 94 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஊர் திரும்பினார்கள். 1845-இல் அதே பாதையைத் தேடிப் போன ஜான் ஃபிராங்க்ளினின் 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இரண்டுமே பிரிட்டிஷ் கடற்படைப் பயணம்தான். வித்தியாசம் எங்கே வந்தது?

பதில் 1:
நான் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன். என் கண் முதலில் போவது சாப்பாட்டின் மேல்தான். ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வராமலிருக்க எல்லோருக்கும் தினமும் எலுமிச்சைச் சாறு. அதை அதிகாரியின் கண்ணெதிரே குடிக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு ரொம்ப முக்கியம். கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பேர் கொட்டிவிடுவார்கள்.

ஆனால் குளிரில் சாறு உறைந்து பாட்டில்கள் வெடித்தன. அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1820 ஜனவரியில் ஹெக்லாவின் பீரங்கிப் பொறுப்பாளருக்கு ஸ்கர்வி கண்டது. பாரி தன் அறையில் அடுப்பின் புகைக்குழாயை ஒட்டிச் சின்னப் பெட்டிகளில் மண் நிரப்பி, கடுகும் கிரெஸ் கீரையும் விதைத்தார். வெளிச்சமே படாததால் முளைகள் வெளிறிப்போயிருந்தன, காரம் மட்டும் அப்படியே இருந்தது. அதைச் சாப்பிட்டு அந்த நோயாளி சீக்கிரமே எழுந்து நடமாடினார். கப்பல் தலைவரே கீரை வளர்த்திருக்கிறார் பாருங்கள், எனக்கு அந்த மனிதர் மேல் அவ்வளவு மரியாதை.

பதில் 2:
கீரை சரி, பனி விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. 1820 ஆகஸ்ட் 1 அன்று பாரியின் கப்பல்கள் வெளியே வந்துவிட்டன. ஃபிராங்க்ளினின் கப்பல்கள் 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்கு அருகே மாட்டின. அடுத்த கோடையிலும் பனி விடவில்லை. 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டு நடந்தார்கள். அவ்வளவு நாள் ஆனால் எலுமிச்சைச் சாறும் ஸ்கர்வியைத் தடுக்கும் வலுவை இழந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
தகர டப்பா உணவில் இருந்த ஈயம்தான் ஃபிராங்க்ளினின் ஆட்களைக் கொன்றது என்கிறார்களே?

பதில் 1:
டப்பா இறைச்சியை பாரியும் கொண்டுபோனார். அதனால் பழியை முழுக்க டப்பா மேல் போட எனக்கு மனம் வரவில்லை. தம்பி சொன்ன பனிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாரி பனி விலகும்வரை கைகட்டி உட்காரவில்லை. வேட்டையில் கிடைத்த இறைச்சி அதிகாரிக்கும் மாலுமிக்கும் சமப் பங்கு. கோடை வந்ததும் கரையில் முளைத்த புளிப்புக் கீரையைப் பறிக்க எல்லோரையும் அனுப்பினார்.