நைட் டைவ்ல ரெண்டு வீடியோ லைட்: எங்க வைக்கிறது, எப்ப அணைக்கிறது?

மடவை:
வணக்கம். காம்பாக்ட் கேமரா, ஹவுசிங் (தண்ணி புகாத கூடு), ட்ரே, ரெண்டு பக்கமும் ஆர்ம், ஒவ்வொண்ணுலயும் 3000 லூமன் வீடியோ லைட் (பீம் 120 டிகிரி). பெரும்பாலும் வீடியோதான், நடுநடுவே மேக்ரோ ஃபோட்டோ (சின்ன உயிரை ரொம்பக் கிட்டப் போய் எடுக்கிறது). பகல்ல தொந்தரவு இல்ல. நைட் டைவ்ல (ராத்திரி கடலுக்குள்ள இறங்குறப்ப) மட்டும் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, கிட்ட இருக்கிற இறால் வெளுத்துப் போயிடுது, கொஞ்ச நேரத்துலயே புழு வந்து லென்ஸை மொய்க்குது. முழு பவர்ல பேட்டரி 50 நிமிஷத்துக்கு மேல தாங்கல. ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள பயன்படுத்துற ஃபிளாஷ்) வாங்கினா தீருமா, இருக்கிறதை வெச்சே சரிபண்ணலாமா?

நீலாழி:
இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. லைட் இருக்கிற இடம்தான் பிரச்சினை. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவுல இருக்கிற தண்ணியில வெளிச்சம் விழுந்தா, அதுல மிதக்கிற துகள் எல்லாம் அதைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். பகல்லயும் அதே துகள் இருக்கும், பின்னணி வெளிச்சத்துல எடுபடாது. ராத்திரி பின்னணி கருப்பு, ஒண்ணு விடாம தெரியும்.

வைட் ஷாட்டுக்கு ஆர்மை விரிச்சு, லைட் ரெண்டும் போர்ட்ல (ஹவுசிங்ல லென்ஸுக்கு முன்னால இருக்கிற கண்ணாடி) இருந்து பக்கத்துக்கு 40–50 செ.மீ. தள்ளி இருக்கட்டும். போர்ட்டைத் தாண்டி முன்னால வந்தா லைட்டே ஃபிரேம்ல எட்டிப் பார்க்கும். ரொம்பப் பின்னால இழுத்து நேரா முன்னாடி பார்க்க விட்டா, 120 டிகிரி பீம் போர்ட் கண்ணாடியிலயே பட்டு கான்ட்ராஸ்ட் செத்துடும். அதனால கைப்பிடி மட்டத்துல வெச்சு, ரெண்டையும் வெளிப்பக்கமா 15–20 டிகிரி திருப்புங்க. பொருள்மேல பீமோட உள் ஓரம் பட்டா போதும், நடுப்பகுதி படவேண்டியதில்ல.

சரியா வெச்சிருக்கோமான்னு தண்ணிக்குள்ளயே பார்த்துக்கலாம். கேமராவை எதுவுமே இல்லாத இருட்டுப் பக்கம் பிடிங்க. ஸ்கிரீன்ல மினுங்குறது அத்தனையும் பேக்ஸ்கேட்டர், அதாவது துகள் திருப்பி அனுப்புற வெளிச்சம். இடது லைட்டை அணைச்சுட்டு, வலதை மெதுவா வெளியே திருப்பிக்கிட்டே வாங்க. ஸ்கிரீனோட வலது ஓரம் சுத்தமா கருக்கிற இடத்துல நிறுத்தி கிளாம்பை இறுக்குங்க. அப்புறம் இடது. ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனா மொத்த டைவையும் காப்பாத்தும்.

வைட்ல 1 மீட்டருக்கு அப்பால இருக்கிறதை விட்டுடுங்க, நடுவுல தண்ணி அதிகம். மணல் தரையில ஃபிராக் கிக் (தவளை மாதிரி காலைப் பக்கவாட்டுல விரிச்சு உதைக்கிறது) மட்டும். நீரோட்டத்தைப் பார்த்து நின்னு எடுத்தா, கிளம்புற மண் உங்களுக்குப் பின்னால போயிடும்.

சங்குமுத்து:
இறால் வெளுப்பதற்குக் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர். ஃபிரேமில் பத்தில் ஒன்பது பங்கு கருப்பு என்றால், கேமரா அதையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. மேனுவல் இருந்தால் அதில் வையுங்கள்: 25 ஃபிரேம் வீடியோவுக்கு ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 800க்கு மேல் போகாமல் ஒரு வரம்பு. மேனுவல் இல்லையென்றால் ஸ்பாட் மீட்டரிங் (ஃபிரேமில் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்து வெளிச்சத்தை அளப்பது), கூடவே எக்ஸ்போஷர் மைனஸ் 1 முதல் மைனஸ் 2 வரை.

அதற்குப் பிறகு வெளிச்சத்தை லைட்டில்தான் சரிசெய்ய வேண்டும். தூரம் பாதியானால் பொருள்மேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்கு. 60 செ.மீ.யில் முழு பவர் கேட்ட இடத்தில் 30 செ.மீ.க்குக் கால் பவர் போதும். உங்கள் பேட்டரிக் கவலையும் இதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) ஆட்டோவில் விடாதீர்கள். லைட்டின் கலர் டெம்பரேச்சர் என்னவோ (பல வீடியோ லைட்டுகள் 5000–5700 கெல்வினுக்குள்) அதையே நிலையாக வையுங்கள். பகலில் மாட்டும் சிவப்பு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். நைட் டைவில் அது வெளிச்சத்தைத் தின்பதோடு, எல்லாவற்றையும் சிவக்கவும் வைக்கும்.

இன்னொன்று: சில எல்ஈடி லைட்டுகள் பவர் குறைக்கும்போது வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். இருட்டறையில் வெள்ளைச் சுவரை ஒவ்வொரு பவர் அளவிலும் படமெடுத்து, எந்த அளவு சுத்தமாக வருகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். காற்றில் முழு பவரை மட்டும் சில நொடிகளுக்கு மேல் எரியவிட வேண்டாம். அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் தேவை.

கடலாடி:
புழுவுக்கு மருந்து இருட்டுதான். வெளிச்சத்தைத் தேடி வர்ற உயிர் அது. எரியவிட்டுட்டு ஒரே இடத்துல நின்னா கூட்டம் கூடிக்கிட்டேதான் இருக்கும். வீடியோ லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சை வேற பக்கம் பிடிச்சபடி சில மீட்டர் நகருங்க. பொருளைத் தேடுறதுக்கு டார்ச், ஃபிரேம் பண்ண சிவப்பு லைட், ஃபோகஸ் கிடைச்ச பிறகு வெள்ளை. 10–15 நொடி எடுத்துட்டு அணைச்சிடுங்க. வீடியோ லைட்டை டைவ் முழுக்க எரியவிடுறது தேவையே இல்லாத பழக்கம்.

சிவப்பு லைட்டை இறாலும் நண்டும் நிறைய மீன்களும் அவ்வளவா கண்டுக்காது. ஆனா தண்ணி சிவப்பைச் சீக்கிரம் உறிஞ்சிடும், கிட்டப் போனாதான் பயன்.

அந்த உயிர்களையும் கொஞ்சம் நினைச்சுக்கணும். லயன்ஃபிஷ் பக்கத்துல வந்து சுத்த ஆரம்பிச்சா, அது உங்க வெளிச்சத்துல வேட்டையாடுதுன்னு அர்த்தம். குட்டி மீன்மேல இருக்கிற லைட்டை உடனே விலக்குங்க. சளிக்கூட்டுக்குள்ள தூங்குற கிளி மீனை ஒரு ஷாட் எடுத்தா போதும், சுத்திச் சுத்தி எடுக்காதீங்க.

பாதுகாப்புல ஒரு விஷயம்: கேமரா லைட்டை டார்ச் கணக்குல சேர்க்கக் கூடாது. குறுகலான பீம் உள்ள டார்ச் ஒண்ணு, பேக்கப் ஒண்ணு தனியா வேணும். சிக்னலுக்கும் குறுகலான பீம்தான்: மெதுவா வட்டம் போட்டா ஓகே, வேகமா பக்கவாட்டுல ஆட்டினா அவசரம். 120 டிகிரி லைட்டோட கூட வர்றவர் பக்கம் திரும்பினா அவருக்குக் கொஞ்ச நேரம் எதுவுமே தெரியாது. திரும்புறதுக்கு முன்னாடி அணைங்க, இல்ல தரைப் பக்கம் சாய்ங்க.

நீலாழி:
ஸ்ட்ரோப் கேள்விக்கு: வீடியோவுக்கு அதனால ஒரு பயனும் இல்ல. ஃபோட்டோதான் முக்கியம்னா வாங்குங்க. மேக்ரோவுல எஃப் 8, 1/200, ஐஎஸ்ஓ 200ன்னு வெச்சு எடுக்கிற அளவு வெளிச்சம் ஸ்ட்ரோப் ஒரு நொடிப்பொழுதுல கொடுக்கும், அசைவும் உறைஞ்சிடும். 3000 லூமன் லைட்ல அதே படத்துக்கு ஷட்டரை இறக்கணும், ஐஎஸ்ஓவை ஏத்தணும். ஸ்ட்ரோப் போட்டாலும் ஃபோகஸுக்கு ஒரு சின்ன லைட் வேணும், இருட்டுல கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது.

மடவை:
நன்றி. மேக்ரோ வீடியோவுல ரெண்டு லைட்டையும் ஒரே பவர்ல வைக்கணுமா?

சங்குமுத்து:
வேண்டாம். சமமாக வைத்தால் நிழலே விழாது, இறாலின் கால் முட்களும் ஓட்டின் மேடு பள்ளமும் தட்டையாகிவிடும். ஒன்றை 50 சதவீதத்தில் போர்ட்டுக்கு மேலே சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மற்றதை எதிர்ப்பக்கம் உங்கள் லைட்டின் மிகக் குறைந்த அளவில். அதையும் அணைத்து ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி இறால் மாதிரி உடம்பு ஊடுருவித் தெரியும் உயிருக்கு, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒற்றை லைட்தான் எடுப்பாக இருக்கும். அப்படி வைக்கும்போது லென்ஸுக்குள் நேராக வெளிச்சம் புகாதபடி லைட்டைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.