ரவுட்டரில் விபிஎன் போட்டவர்களே, இன்னும் மனதை அரிக்கிற அந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்தான்

விபிஎன் என்றால் நம் டிராஃபிக்கைப் பூட்டிய குழாய் (டனல்) ஒன்றின் வழியாக இன்னொரு சர்வருக்கு அனுப்புவது, அதற்கான மென்பொருள்களில் ஒன்று வயர்கார்டு. இதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்து வேலை. ரவுட்டரில் ஓடுவது ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற மென்பொருள், அந்த ரவுட்டர்தான் வெளியே இருக்கும் விபிஎன் சர்வரைத் தேடிப் போகும் கிளையன்ட். வீட்டு டிராஃபிக் மொத்தமும் டனலுக்குள். டனல் விழுந்தால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாத மாதிரி கில் ஸ்விட்ச். மாதக்கணக்கில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்ட்டை நிறுத்தினார்கள், 2 மணிக்கு வந்தது. ஃபைபர் பெட்டியில் பச்சை விளக்கு, ரவுட்டரிலும் பச்சை விளக்கு, நெட் மட்டும் இல்லை. 3 மணிக்கு வாடிக்கையாளரோடு கால் வேறு. இரு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் காணும் சாவிகள் அப்படியே இருக்கின்றன, போர்ட் அதே 51820. மொபைல் டேட்டாவில் போனிலிருந்து அதே சர்வரைப் பிடித்தால் உடனே பிடிக்கிறது. ரவுட்டரிலிருந்து போகிற ஹேண்ட்ஷேக்குக்கு (இணைப்பைத் தொடங்கும் முதல் அழைப்புக்கு) மட்டும் பதிலே இல்லை. ஏதாவது எரர் வந்தாலாவது தேடலாம். வயர்கார்டோ தனக்குப் பிடிக்காத பாக்கெட்டை வாயே திறக்காமல் தூக்கிப் போட்டுவிடும்.

லாக் திரையை அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, இதுல இன்னும் தை மாசம் போயிட்டிருக்கு?" என்றார். பார்த்தால் ஜனவரி என்று இருக்கிறது. நாங்கள் இருந்தது ஏப்ரலில்.

இந்த மாதிரி வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் செட்டிங் மாற்றிய தேதியில் போய் நின்றுகொள்ளும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை ஒன்று இருக்கிறது. அந்தச் சாவியிடமிருந்து ஏற்கனவே வந்த முத்திரையைவிடப் பழையதாக வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று சர்வர் ஒதுக்கிவிடும். சரி, நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிச் சரிசெய்ய என்டிபி இருக்கிறதே என்றால், அதுவும் டனல் வழியாகத்தான் போக வேண்டும். டனல் எழ சரியான நேரம் வேண்டும், சரியான நேரம் வர டனல் வேண்டும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடுகிற கதை.

கையால் தேதியை அடித்து என்டர் தட்டினேன். சில நொடிகளில் ஹேண்ட்ஷேக் வந்துவிட்டது. இப்போது என்டிபிக்கு மட்டும் டனலுக்கு வெளியே தனி ரூட், அதுவும் ஐபி எண்ணாகவே கொடுத்திருக்கிறேன். பெயராகக் கொடுத்தால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அதே இடத்தில் மாட்டும்.

பெரம்பூர்க்காரி

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. நான் பெங்களூரில், அம்மா அப்பா பெரம்பூரில். சிசிடிவி, அப்பாவின் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர், இரண்டையும் தொட வீட்டு ரவுட்டரையே வயர்கார்டு சர்வர் ஆக்கினேன். வீட்டுக்குள்ளிருந்து வேலை செய்கிறது, வெளியிலிருந்து செய்யவில்லை. ரவுட்டரின் வெளிப்பக்க ஐபியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்குகிறது. அப்புறம் என்ன, சிஜிநாட்தான்: பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பப்ளிக் ஐபி, அதனால் வெளியிலிருந்து நேராக நம் வீட்டுக்குள் வர முடியாது.

நெட் கம்பெனியிடம் புகார் கொடுத்தேன், ஆள் வந்தார். நான் போனில் ஸ்பீக்கரில் இருக்கிறேன். "எனக்குப் பப்ளிக் ஐபி வரலை, போர்ட் ஃபார்வர்டு பண்ண முடியலை" என்று சொல்கிறேன். அவர் தன் மொபைலை எங்கள் வைஃபையில் போட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, அம்மாவிடம் காட்டினார். "முந்நூறு வருதும்மா, உங்க பொண்ணுக்கு இன்னும் என்ன வேணுமாம்?" அம்மா என்னிடம், "முந்நூறு வருதாம்டீ, விட்டுடேன்." அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. புகார் அன்றைக்கே 'தீர்ந்தது' என்று மூடப்பட்டது.

கடைசியில் மும்பையில் மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தேன். வீட்டு ரவுட்டரும் என் லேப்டாப்பும் அதைத் தேடிப் போகும். இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க 25 நொடிக்கு ஒரு சின்ன பாக்கெட் (கீப்அலைவ்). யாரும் உள்ளே வர வேண்டியதில்லை, சிஜிநாட் பற்றிய கவலையும் இல்லை.

சிஐடிநகர் ரிட்டயர்டு

மடிப்பாக்கம் தம்பி, கில் ஸ்விட்ச்சை ரவுட்டரில் வைத்தால் இப்படித்தான் வீடே இருட்டாகும். ஆபீஸ் லேப்டாப்பில் வைத்தால் போதாதா? பெரம்பூர் அம்மா, மாத வாடகை கொடுப்பதற்கு அந்தப் பணத்தில் ஸ்டாடிக் ஐபி (மாறாத சொந்த ஐபி) வாங்கியிருக்கலாம்.

என் கதை சின்னது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் ரவுட்டர் வாங்கப் போய் "விபிஎன் இருக்கா?" என்று கேட்டேன். கடைப் பையன் அட்டைப்பெட்டியைத் திருப்பி, "இதோ போட்டிருக்கே சார்" என்று விரலை வைத்துக் காட்டினான். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இருந்தது பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறை மட்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிபிடிபி பக்கமே போகாதீர்கள். அதன் கடவுச்சொல் முறையை உடைக்கலாம் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள், 2016-ல் ஐபோனிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். ஓப்பன்விபிஎன் என்ற இன்னொரு முறை நல்லதுதான், ஆனால் விலை குறைந்த ரவுட்டரின் பிராசசர் மூச்சு வாங்கும், 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டவர்கள் ஏமாந்துபோவீர்கள். அதே பெட்டியில் வயர்கார்டு பொதுவாக வேகமாக ஓடும். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்கைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்து வையுங்கள்; விபிஎன் வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. வீட்டுக் கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியும் வேண்டாம். சிசிடிவிக்குத் திறந்து வைத்த போர்ட் எல்லாவற்றையும் மூடுங்கள். முக்கியமாக, மொபைலில் சேர்க்க வரும் அந்தக் க்யூஆர் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், ரகசியச் சாவி முழுதாக அதற்குள்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சாவி கொடுங்கள், போன் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம்.

இன்னொன்று. காசு கட்டி வாங்கும் விபிஎன் சேவையும் வீட்டில் நாமே வைக்கும் விபிஎன்னும் ஒன்றல்ல. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. பேரன் வந்துவிட்டான், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

பெரம்பூர்க்காரி

சார், ஸ்டாடிக் ஐபியும் கேட்டேன். "அது கம்பெனி கனெக்‌ஷனுக்கு மட்டும்தான் மேடம்" என்றார்கள். அதையும் எழுதியிருந்தால் பதிவு உங்கள் பதிவு அளவுக்கு நீண்டிருக்கும் 🙂

குரோம்பேட்டை குமரி

எனக்கு நடந்தது பேய்க்கதை மாதிரி. டனல் ஏறிவிட்டது, பிங் போகிறது, கூகுள் வருகிறது. மாமியார் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தார். இணையப் பக்கத்தில் லோகோ வந்தது, தலைப்பு வந்தது, பணம் கட்டும் பொத்தான் மட்டும் வரவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "உன் விபிஎன் வந்ததுலேர்ந்துதான் இப்படி" என்றார் மாமியார். அவர் சொன்னது சரிதான்.

காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவு. வயர்கார்டு தானாக எடுத்துக்கொள்வது 1420. எங்கள் நெட் இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, அதில் 1492-தான் போகும். சர்வரை ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியாகப் பிடித்ததால், வயர்கார்டு பாக்கெட்டைச் சுற்றிப் போடும் உறை மட்டுமே 80 பைட். 1420-ம் 80-ம் 1500, எட்டு பைட் கூடுதல். சின்ன பாக்கெட் நுழைந்துவிடும், பெரியது வழியில் சத்தமில்லாமல் செத்துவிடும். பழைய ஐபிவி4-ல் பிடித்திருந்தால் உறை 60-தான், பிரச்சினையே வந்திருக்காது. இரண்டு பக்கமும் 1412 என்று போட்டேன், பொத்தான் வந்துவிட்டது. மாமியார் இன்னும் பில் கட்டும் முன் "அதை ஆஃப் பண்ணும்மா" என்கிறார்.

நங்கநல்லூர் நாணா

மதுரையில் ஒரு லாட்ஜ். லேப்டாப்பில் விபிஎன்னைப் போட்டு, வீட்டு ரவுட்டரைப் பார்க்கலாம் என்று 192.168.1.1 அடித்தேன். லாகின் பக்கம் வந்தது, ஆனால் நிறம் வேறு, மாடல் வேறு. லாட்ஜின் ரவுட்டர்! அங்கேயும் அதே 192.168.1, அதனால் லேப்டாப் பக்கத்திலிருப்பதையே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் வீட்டு ஐபி எண்கள் எல்லாவற்றையும் 10.73.20 என்று தொடங்கும்படி மாற்றினேன். பிரிண்டர் மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அழவைத்தது.

சிஐடிநகர் ரிட்டயர்டு

மடிப்பாக்கம் தம்பி, ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டால் கடிகாரப் பிரச்சினையே வராது.

மடிப்பாக்கத்தான்

இருக்கிறது சார். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து இழுத்தால் 5 மணி நேரம் தாங்குவதில்லை. அன்றைக்கும் அதில்தான் செருகியிருந்தது.