மாணவர் மின்பந்தயக் காருக்கு எந்த செல், எங்கே வாங்குவது?

கேள்வி: பின்சக்கரம்

வணக்கம். எங்கள் கல்லூரி அணி இதுவரை பெட்ரோல் கார்களையே கட்டி வந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு அடுத்த முறை மின்காரோடு போக முடிவு செய்திருக்கிறோம். பேட்டரி என் பொறுப்பு. விதிப்படி 80 கிலோவாட் வரை இழுக்கலாம் என்றாலும், முதல் கார் என்பதால் 60 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ள நினைக்கிறோம். மோலிசெல் பி42ஏ என்ற 21700 அளவு உருளை செல்லைத் தொடராக 100, இணையாக 4 என்ற கணக்கில் அடுக்கலாம் என்பது இப்போதைய திட்டம். தரவுத்தாளில் 45 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது; 360 வோல்ட்டில் 60 கிலோவாட் என்றால் ஒரு செல்லுக்கு 42 ஆம்பியர்தான் வருகிறது என்பதால் இது போதும் என்று தோன்றுகிறது. இந்தக் கணக்கு சரியா? தட்டையான பை போன்ற பவுச் செல்கள் இதைவிட நல்லவையா? 400 செல்களை இந்தியாவில் நம்பிக்கையாக எப்படி வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓம்விதி

தம்பி, 42 ஆம்பியர் என்ற எண்ணை நம்பிப் பேட்டரி பேக்கைக் கட்டாதீர்கள். மின்னோட்டம் ஏறும்போது செல்லின் மின்னழுத்தம் இறங்கும். அது இறங்கினால் அதே 60 கிலோவாட்டுக்கு இன்னும் அதிக மின்னோட்டம் தேவைப்படும். உள்தடையை, அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடையை, 15 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டு, பாதி சார்ஜில் 3.6 வோல்ட் இருக்கும் செல்லுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 செல்லில் ஒவ்வொன்றும் 150 வாட் தர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 54 ஆம்பியர் தேவை, அப்போது செல்லின் முனைகளில் 2.8 வோல்ட்தான் மிஞ்சும். தொடராக 90, இணையாக 5 என்று மாற்றினால் இது 46 ஆம்பியராகக் குறைகிறது. கூடுதலாகச் சேரும் 50 செல்லின் எடை, ஒன்று 70 கிராம் என்ற கணக்கில், மூன்றரைக் கிலோதான். அந்தச் சுமையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து இணைக்குப் போகும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஃபார்முலா பாரத் பின்பற்றும் ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர் பந்தயக் கார்) விதிகளின்படி பேக்கின் ஒவ்வொரு பகுதியும் 120 வோல்ட், 6 மெகாஜூல், 12 கிலோ ஆகிய மூன்று வரம்புகளுக்குள்ளும் அடங்க வேண்டும். ஆற்றலைச் செல்லின் உச்ச மின்னழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள். 20 தொடர், 5 இணை என்று பகுதியை அமைத்தால் 84 வோல்ட், 21 ஆம்பியர்-மணி என்று 6.35 மெகாஜூலாகி வரம்பை மீறிவிடும். 18 தொடர், 5 இணை என்றால் 5.7 மெகாஜூல். அப்படி ஐந்து பகுதிகள் சேர்ந்தால் 90 தொடர் கிடைத்துவிடும். நீங்கள் கலந்துகொள்ளும் ஆண்டின் விதிநூலோடு இந்த எண்களை ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உச்ச மின்னோட்டம் சில நொடிகளுக்குத்தான். 22 கிலோமீட்டர் நீள்பந்தயத்தில் காரை நிறுத்துவது வெப்பம். ஒரு செல்லின் ஆர்.எம்.எஸ். மின்னோட்டம் (வெப்பத்தைக் கணக்கிட உதவும் ஒருவகைச் சராசரி) 10 ஆம்பியர் என்றால் அதில் 1.5 வாட் வெப்பம் உண்டாகும். ஏறத்தாழ 27 நிமிட ஓட்டத்தில், குளிரூட்டல் இல்லாவிட்டால், செல் 34 டிகிரி அளவுக்குச் சூடேறும். அதே மின்னோட்டம் 15 ஆம்பியரானால் ஏற்றம் 77 டிகிரி. கோவையில் ஜனவரி மதியம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். செல்லுக்கு 60 டிகிரிதான் எல்லை. ஆகவே 10 ஆம்பியரிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறும் என்பதை வரைந்து பார்க்காமல் செல்லின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள்.

பதில்: சரக்குக்கப்பல்

வாங்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம், ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து, ரசீதோடு வாங்குங்கள். இணையச் சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பவற்றில், பழைய பேக்குகளிலிருந்து பிரித்தெடுத்து மேலுறை மாற்றிய செல்கள் கலந்திருக்கும். எங்களுக்கு வந்த ஒரு பெட்டியில் மேலடுக்கு முழுவதும் ஒரே தேதிக்குறி. அட்டையைத் தூக்கிப் பார்த்தால் கீழடுக்கில் வேறு குறி, சில செல்களின் எதிர்மின்முனையில் பற்றவைத்த புள்ளிகளைத் தேய்த்து எடுத்த தடம். அதைப் பார்த்த பிறகு பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினோம்.

லித்தியம் அயான் செல்கள் யு.என். 3480 என்ற எண்ணின் கீழ் ஒன்பதாம் வகுப்பு அபாயச் சரக்காகப் போகும். 2016 ஏப்ரல் முதல் இவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீத சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் கூரியரில் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று கால அட்டவணை போடாதீர்கள். யு.என். 38.3 எனும் போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கத்தைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 16046 எனும் இந்திய பேட்டரித் தரத்தின் பதிவு குறித்துச் சுங்கம் கேட்கும் காகிதங்களை யார் தருவது என்பதையும் அப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது இதைப் பேசத் தொடங்கினால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

450 தேவை என்றால் 500 வாங்குங்கள். வந்தவுடன் ஒவ்வொரு செல்லுக்கும் எண் எழுதி, எடை, திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது உள்ளது), உள்தடை மூன்றையும் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மின்னழுத்தத்தை மறுபடி அளந்தால், தானாகவே சார்ஜ் இழக்கும் செல்கள் தனியே தெரியும். உள்தடையில் நெருக்கமானவற்றை ஒரே இணைக் குழுவில் போடுங்கள். அலுப்பான வேலைதான்; ஆனால் பேக்கை மூடிய பிறகு ஒரு கெட்ட செல்லைத் தேடுவதைவிட இது எவ்வளவோ எளிது.

பின்சக்கரம்

இருவருக்கும் மிக்க நன்றி. 90 தொடர், 5 இணைக்கு மாறுகிறோம். பவுச் செல் பற்றி யாராவது சொல்ல முடியுமா? இப்போதே 500 செல்லுக்கும் பணம் கட்டிவிடலாமா?

பதில்: செம்புப்பட்டை

பவுச் செல்கள் எடையைக் குறைக்கும், அதிக மின்னோட்டம் தரும். ஐரோப்பிய அணிகள் பல மெலாஸ்டா நிறுவனத்தின் பவுச் செல்களைப் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் அவை உப்பிச் சுருங்குபவை என்பதால் சீரான அழுத்தம் தரும் சட்டகம் வேண்டும். உலோகக் கூடு இல்லாததால் ஒரு கூரிய விளிம்பு பட்டாலும் ஆபத்து. முதல் மின்காருக்கு உருளை செல்லே ஏற்றது என்பேன்.

முழுத் தொகையையும் இப்போது கட்ட வேண்டாம். முதலில் 20 செல் வாங்கி, 5 இணையில் ஒரு சிறு அடுக்கு செய்து, உங்கள் ஓட்டச் சிமுலேஷன் தரும் மின்னோட்டத்தை அப்படியே அதில் செலுத்திப் பாருங்கள். செல்லில் நேரடியாக ஈயப் பற்று வைப்பதை விதி ஏற்காது. ஆகவே நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து, பற்று பிய்கிறதா என்று இழுத்தும் பார்க்க வேண்டும். குறைந்தது 30 சதவீத செல்களின் வெப்பநிலையை எதிர்மின்முனையில், பட்டையின் வழியே 10 மில்லிமீட்டருக்குள், அளக்க வேண்டும் என்பதால், வெப்ப உணரிக்கும் அதன் கம்பிக்கும் இடம் இருக்கிறதா என்பதும் இந்தச் சிறு அடுக்கிலேயே தெரிந்துவிடும். அந்தச் சோதனை முடிந்து, போட்டிக்குத் தரும் பேட்டரி ஆவணத்தில் செல்லின் தரவுத்தாள் இடம்பெற்ற பிறகு, மீதி 480 செல்லையும் ஒரே தொகுதியாகக் கேளுங்கள். சோதித்த 20 செல்லைப் பேக்கில் கலக்காமல் அடுத்த ஆண்டு அணியின் பயிற்சிக்கு வைத்துவிடுங்கள்.