புதுப்பிப்பு: பஞ்சு வைத்துத் தைத்த சிறு விரிப்பு சலவையில் சுருங்காமல் வந்துவிட்டது

உதவிய அனைவருக்கும் நன்றி. பேத்தியின் தொட்டிலுக்காகப் இரு பருத்தித் துணிகளின் நடுவே பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு, முதல் சலவையிலேயே சுருங்கி, தையலோரமெல்லாம் மடிந்துபோனது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

பலன் தந்தது அம்பாசமுத்திரம் அக்கா சொன்ன வழி: வெட்டுவதற்கு முன்பே இரு துணிகளையும் வெந்நீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுவது. ஐப்பசி மழையில் உலரவே மூன்று நாள் ஆயிற்று. பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னபடி நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தேன். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், மேல்நூலைச் சற்றுத் தளர்த்தினேன்.

எதிர்பாராதது ஒன்று: நீரில் போடாமலேயே, தைத்து முடித்ததும் 18 அங்குலத் துண்டு அரை அங்குலம் குறைந்திருந்தது. தையல் பஞ்சை அழுத்தும்போது துணி உள்வாங்குகிறது. சுற்றிலும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டி, தைத்த பிறகே அளவுக்கு நறுக்குங்கள்.